கால்சிய வாயில்

தவளையின் இதயத்தை உடலிலிருந்து பிரித்து உப்புக் கரைசலில் துடிக்கச் செய்து ஆராய்ந்தவர் இலண்டன் மருத்துவர் சிட்னி ரிங்கர். அவருடைய கரைசலில் இதயம் நெடுநேரம் துடித்தது. காய்ச்சி வடித்த நீரில்தான் கரைசல் ஆக்கப்பட்டது என்று அவர் நம்பி, 1882இல் கட்டுரையும் வெளியிட்டார். உண்மையில் உதவியாளர் குழாய்நீரைப் பயன்படுத்தியிருந்தார். வடித்த நீரில் மீண்டும் சோதித்தபோது துடிப்பு தளர்ந்து நின்றது. குழாய்நீரில் இருந்த சிறிதளவு கால்சியமே இதயத்தை இயக்கியது என்பதை 1883இல் எழுதி, தம் பிழையைத் தாமே திருத்தினார். மருத்துவமனைகளில் இன்றும் ஏற்றப்படும் 'ரிங்கர் லாக்டேட்' கரைசல் அவர் பெயரைத் தாங்கியது.

இதயத்திற்கு மட்டுமன்று, தமனிச் சுவரிலுள்ள மென்தசைக்கும் கால்சியம் வேண்டும். செல்லின் உறையில் நுண்ணிய வாயில்கள் உள்ளன. அவை திறக்கும்போது கால்சிய அயனிகள் உட்புகுகின்றன, தசை சுருங்குகிறது, குழாய் ஒடுங்குகிறது. சீரான குழாயொன்றின் ஆரம் பாதியானால் நீரோட்டத்திற்கான தடை 16 மடங்காகும் என்பது இயற்பியல் விதி. ஆகவே சிறு தமனிகள் சற்றே ஒடுங்கினாலும் இரத்த அழுத்தம் உயர்ந்துவிடும்.

1960களில் ஜெர்மனியின் ஃபிரைபர்க் நகரில் ஆல்பிரெக்ட் ஃபிளெக்கன்ஸ்டைன் சில மருந்துகளை ஆராய்ந்தார். அவற்றைச் செலுத்தியதும் இதயத்தசை, கால்சியம் நீக்கப்பட்டதுபோல் வலுவிழந்தது. கால்சியத்தைக் கூட்டியதும் வலு திரும்பியது. மருந்துகள் வாயிலில் கால்சியத்தை மறித்தன. வெராபமில், நிஃபெடிபின், அம்லோடிபின் ஆகியவை இவ்வகையின. வெராபமில் இதயத்துடிப்பின் வேகத்தையும் குறைக்கும். அம்லோடிபின் பெரிதும் இரத்தக்குழாய்களையே தளர்த்தும்.

விரைவு இங்கே நன்மையன்று. நிஃபெடிபினின் விரைந்து செயற்படும் வடிவத்தை நாவின் அடியில் இட்டு அழுத்தத்தைச் சடுதியில் இறக்கும் வழக்கம் ஒருகாலத்தில் இருந்தது. மூளைக்கும் இதயத்திற்கும் செல்லும் இரத்தம் திடீரெனக் குறைந்து சிலருக்குப் பெருந்தீங்கு நேரவே, அவ்வழக்கம் கைவிடப்பட்டது. அம்லோடிபின் மெல்லச் செயற்படுவது. இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணிநேரம் ஆகும். எனவே நாளுக்கு ஒரு மாத்திரை போதும்.

'கால்சியத்தைத் தடுக்கும் மருந்து' என்றவுடன் பாலையும் கேழ்வரகையும் நிறுத்துவோர் உண்டு. அது தேவையற்ற அச்சம். இம்மருந்து எலும்பிலுள்ள கால்சியத்தைக் கரைப்பதில்லை. சிலருக்குக் கணுக்கால் வீங்குவது மட்டும் உண்மை. தமனிகள் விரிந்த அளவிற்குச் சிரைகள் விரியாமையால் நீர் கசிந்து தேங்குவதே காரணம். அதனை மருத்துவரிடம் கூறினால் அளவைக் குறைக்கவோ மருந்தை மாற்றவோ இயலும்.

தாமாகவே மாத்திரையை நிறுத்துவோர் ஏமாறுவதும் அம்மெதுத்தன்மையால்தான். மறுநாள் அளந்தாலும் அழுத்தம் ஏறக்குறையச் சரியாகவே இருக்கும். நோய் தீர்ந்தது என்று மகிழ்வர். மருந்து உடலைவிட்டு நீங்க நீங்க வாயில்கள் முன்போல் திறக்கும். தமனிகள் மீண்டும் ஒடுங்கும். தலைவலியோ மயக்கமோ இன்றியே அழுத்தம் ஏறும்.