தேவனுக்காகச் சொன்ன பொய்

வேதபாடம்
வாசிக்கவேண்டிய பகுதிகள்: 1 சாமுவேல் 31:1-6, 2 சாமுவேல் 1:1-16, யோபு 13:7-10, 2 கொரிந்தியர் 12:1-6

இந்த மாதம் பொய்ச்சாட்சியைக் குறித்துப் படிப்போம். கோர்ட்டில் கூண்டில் ஏறிச் சொல்லுகிற பொய்ச்சாட்சி அல்ல. சபையிலே மைக்கைப் பிடித்து, "அல்லேலூயா" என்று ஆரம்பித்து நாம் சொல்லுகிறோமே, அந்தச் சாட்சி. புஸ்தகமாக அச்சடித்து விற்கிறார்களே, அந்தச் சாட்சியும்கூட.

1. புதுச்சேரியில் இருந்த ஒரு "வேதம்"

1760-ம் வருஷம். இந்தியாவிலிருந்து போன மோதாவ் என்கிற பிரெஞ்சு அதிகாரி ஒரு கையெழுத்துப் பிரதியை வால்டேர் என்கிற புகழ்பெற்ற எழுத்தாளரிடம் கொடுத்தார். அதன் பெயர் "எசூர் வேதம்". அதில் வியாசரும் சுமந்து என்கிற முனிவரும் பேசிக்கொள்ளுகிறார்கள். வியாசர் ஜனங்களுடைய வழிபாடுகளையும் புராணங்களையும் எடுத்துச் சொல்லுகிறார். சுமந்து அவைகளை மறுத்து, ஒரே தெய்வம் உண்டு என்று போதிக்கிறார். இது சமஸ்கிருதத்திலிருந்து பிரெஞ்சில் பெயர்த்த மிகப் பழைய நூல் என்று வால்டேர் நம்பினார். 1761-ல் அது பாரீஸில் ராஜாவின் நூலகத்துக்குப் போயிற்று. 1778-ல் அச்சாகி வெளிவந்தது.

ஆனால் அது வேதமே அல்ல. 1782-ல் சொன்னெரா என்கிற பிரயாணி, இது ஒரு மிஷனெரி எழுதினது என்று தன் புஸ்தகத்தில் போட்டார். பிறகு மதராஸில் கலெக்டராயிருந்த எல்லிஸ் துரை (திருக்குறளில் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்தவர் இவர்தான்) புதுச்சேரி மிஷனில் இருந்த கையெழுத்துப் பிரதிகளைப் பார்த்தார். பிரெஞ்சும், ரோமன் எழுத்தில் எழுதின சமஸ்கிருதமும் அவைகளில் இருந்தன. "எசூர்" மாத்திரமல்ல, மற்ற வேதங்களின் பேரிலும் இதே மாதிரி எழுதிவைத்திருந்தார்கள். எல்லிஸ் 1819-ல் மரித்தார். அவருடைய கட்டுரை 1822-ல் வெளியாயிற்று.

எழுதினது பிரெஞ்சு இயேசு சபைப் பாதிரியார்களில் ஒருவர் என்று ஆராய்ச்சியாளர் சொல்லுகிறார்கள். யார் என்பது இன்றைக்கும் முடிவாகவில்லை. ஏமாற்றவே எழுதினாரா, அல்லது உபதேசத்துக்காக எழுதினதை மற்றவர்கள் பழைய வேதம் என்று நம்பிவிட்டார்களா என்பதிலும் ஒருமித்த கருத்து இல்லை. பொய்யைக் குறித்து எழுதுகிற நானே கூட்டிச் சொல்லக்கூடாது என்பதால் இதையும் எழுதுகிறேன்.

"கத்தோலிக்கர் செய்தது, நமக்கென்ன?" என்று யாரும் சிரிக்கவேண்டாம். கொஞ்சம் பொறுங்கள்.

2. எய்த அம்பு திரும்பிற்று

வால்டேர் சபைக்குச் சிநேகிதர் அல்ல. அவர் இந்த நூலைக் கையில் பிடித்துக்கொண்டு, "மோசேக்கு முன்னாலேயே இந்தியாவில் ஒரே தெய்வத்தை அறிந்திருந்தார்கள், ஆகையால் பைபிளுக்கு என்ன மேன்மை?" என்கிற ரீதியில் வாதாடினார். பார்த்தீர்களா? சத்தியத்துக்கு வழி திறக்கும் என்று எழுதின புஸ்தகம் சத்தியத்துக்கு விரோதமான ஆயுதமாயிற்று.

இன்னொன்றும் நடந்தது. மதுரையில் ஊழியம் செய்து 1656-ல் மரித்த நொபிலியின்மேல் பழி விழுந்தது. அவர்தான் இதை எழுதினார் என்று புதுச்சேரியில் பேச்சு இருந்தது. எல்லிஸும் அதை எழுதிவைத்தார். பின்னால் ஆராய்ந்தவர்கள் நொபிலி எழுதவில்லை என்றார்கள். ஆனாலும் எத்தனை காலம் அந்த மனுஷனுடைய பேர் கெட்டுக் கிடந்தது!

3. அமலேக்கியன் சொன்ன கதை

சவுல் தன் பட்டயத்தின்மேல் தானே விழுந்து செத்தான் என்று 1 சாமுவேல் 31 சொல்லுகிறது. அடுத்த புஸ்தகத்தின் முதல் அதிகாரத்தில் ஒருவன் கிழிந்த வஸ்திரத்தோடு தாவீதிடம் ஓடிவந்து, "நான்தான் அவரைக் கொன்றேன்" என்கிறான். கிரீடமும் கடகமும் கையில் இருக்கிறது. ஆதாரம் பலமாயிருக்கிறதே! தாவீதுக்கு இது சந்தோஷமாயிருக்கும், பரிசு கிடைக்கும் என்று நினைத்தான். அந்த வார்த்தையே அவன் தலைக்கு வந்தது. கேட்கிறவருக்கு எது பிடிக்கும் என்று பார்த்துச் சொல்லுகிற சாட்சி அமலேக்கியனுடைய சாட்சி.

4. நம்முடைய நாட்களில்

1972-ல் அமெரிக்காவில் மைக் வார்ன்கி என்பவர், தான் சாத்தானை வணங்கும் கூட்டத்துக்குப் பூசாரியாயிருந்து மனந்திரும்பினதாகப் புஸ்தகம் எழுதினார். சபை சபையாக மேடை கொடுத்தார்கள். 1992-ல் அந்தக் கதை உண்மையல்ல என்று விசாரித்து வெளியிட்டது அவிசுவாசிகள் அல்ல, ஒரு கிறிஸ்தவப் பத்திரிகையே!

2004-ல் அலெக்ஸ் மலார்க்கி என்கிற ஆறு வயதுப் பையன் கார் விபத்தில் அடிபட்டான். அவன் பரலோகம் போய்த் திரும்பினதாக 2010-ல் புஸ்தகம் வந்து, பத்து லட்சம் பிரதிகளுக்குமேல் போயிற்று. 2015 ஜனவரியில் அவனே, "நான் சாகவில்லை, பரலோகத்துக்குப் போகவுமில்லை, மற்றவர்கள் என்னைக் கவனிப்பார்கள் என்று சொன்னேன்" என்கிற பொருளில் வெளிப்படையாக எழுதினான். பதிப்பகம் புஸ்தகத்தை நிறுத்திவிட்டது. அந்தப் பிள்ளையை நான் குற்றம் சொல்லமாட்டேன். விசாரிக்காமல் வாங்கின பெரியவர்களைக் குறித்துத்தான் யோசிக்கிறேன். பவுலைப் பாருங்கள். மூன்றாம் வானம்வரைக்கும் போன அனுபவத்தைப் பதினாலு வருஷத்துக்குப் பிறகு, அதுவும் வேறே யாரோ ஒருவனைப்பற்றிச் சொல்லுகிறதுபோல, நாலு வரியில் முடித்துவிட்டார்.

5. என் சாட்சி

இப்போது என் காரியத்துக்கு வருகிறேன். வாலிபத்தில் நான் ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போய்க்கொண்டு, குடித்துக்கொண்டு திரிந்தவன். மஞ்சள்காமாலை வந்து ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அம்மா தலைமாட்டில் உட்கார்ந்து ஜெபித்தார்கள். நான் பிழைத்தேன், குடியை விட்டேன், இரட்சிக்கப்பட்டேன். இது உண்மை. முதல் வருஷம் இப்படியேதான் சொன்னேன்.

அப்புறம் கன்வென்ஷன் மேடைகள் வந்தன. ஒன்பது நாள் இருபது ஆயிற்று, நாற்பது ஆயிற்று. "டாக்டர்கள் கைவிட்டார்கள்" என்று சேர்த்தேன். ஆமென் சத்தம் பலத்தது. எல்லைப் பக்கத்தில் ஒரு கூட்டத்தில் கன்னடத்தில் மொழிபெயர்த்த சகோதரன் உற்சாகத்தில் "செத்தே போய்விட்டார்" என்று சொல்லிவிட்டார். கெலமங்கலத்துக்காரனுக்குக் கன்னடம் புரியாதா? புரிந்தது. சும்மா நின்றேன். வீட்டுக்கு வந்தபிறகு என் மனைவி, "ஒவ்வொரு கூட்டத்துக்கும் உங்க வியாதி பெருசாகுதே" என்று மட்டும் சொன்னாள். எனக்குக் கோபம்தான் வந்தது.

கொஞ்ச நாளில், நம்முடைய சபை சகோதரி ஒருத்தரின் கணவருக்கு மஞ்சள்காமாலை. கண்ணெல்லாம் மஞ்சள், சாப்பாடு இறங்கவில்லை. இராத்திரி பத்து மணிக்கு ஜெபிக்கக் கூப்பிட்டார்கள். "ஆஸ்பத்திரியில காட்டினீங்களா சிஸ்டர்?" என்று கேட்டேன். "எதுக்கு பாஸ்டர்? உங்களை டாக்டருங்க கைவிட்ட பிறகுதானே கர்த்தர் எழுப்பினார். எங்களுக்கும் செய்வார்" என்றார்கள்.

என் கால் நடுங்கினது. அந்த வாசலிலேயே சொன்னேன்: "சிஸ்டர், டாக்டர் என்னைக் கைவிடலை. ஒன்பது நாள் பார்த்தார், மருந்து கொடுத்தார், குடிச்சேன். மீதியெல்லாம் நான் சேர்த்தது. முதல்ல வண்டியைக் கூப்பிடுங்க." அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அந்தச் சகோதரன் சுகமாகி இன்றைக்கும் நம் நடுவில் இருக்கிறார், ஸ்தோத்திரம். இரண்டு நாள் தாமதித்திருந்தால்? அடுத்த ஞாயிறு சபைக்கு முன்பாக என் சாட்சியைத் திருத்திச் சொன்னேன். அன்றைக்கு ஆமென் சத்தம் இல்லை. சிலர் அழுதார்கள். ஆனால் ஒன்பது நாளுக்கு ஸ்தோத்திரம் சொல்ல எனக்கு மறுபடியும் வாய் திறந்தது.

6. நாம் செய்யவேண்டியது

அ. நடந்ததை மட்டும் சொல்லுங்கள். நாள், இடம், மருந்து எல்லாவற்றையும் உள்ளபடி சொல்லுங்கள். மருந்தைச் சொன்னால் தேவமகிமை குறையாது.

ஆ. உங்கள் வீட்டார் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறதாக நினைத்துச் சொல்லுங்கள்.

இ. வெளியூர் ஊழியருக்கு மேடை கொடுக்குமுன் அவருடைய சொந்த ஊரில் இரண்டு பேரிடமாவது விசாரியுங்கள். விசாரிக்கிறது அவிசுவாசம் அல்ல. லூக்காவும் விசாரித்துத்தான் எழுதினார்.

ஈ. மொழிபெயர்க்கிறவர் கூட்டினால் அங்கேயே நிறுத்தித் திருத்துங்கள்.

உ. ஏற்கெனவே கூட்டிச் சொல்லியிருந்தால், சொன்ன இடத்திலேயே திருத்துங்கள்.

யோபு தன் சிநேகிதரிடம் கேட்ட கேள்வி இதுதான்: தேவனுக்குப் பரிந்து பேசப் பொய் எதற்கு? அவருக்கு நம்முடைய ஒட்டுவேலை தேவையில்லை.

குடும்ப ஜெபத்தில் தியானிக்க: நான் சொல்லுகிற சாட்சியில், எனக்கும் கர்த்தருக்கும் மாத்திரம் தெரிந்த கூட்டல் எது? அதை நம்பி இப்போது யார், என்ன முடிவு எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்?

கர்த்தர் தாமே நம்முடைய நாவைக் காப்பாராக. ஆமென்.