நாலு கார்டைக் கட்டி மேய்ப்பது எப்படி?

அன்புள்ள தம்பிக்கு,

சென்னை வேளச்சேரியில் வாடகைக்கு இருக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள். கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறார்கள். மாதத்தின் கடைசி நாளில் சம்பளம் வந்துவிடும். இரண்டு பேருக்கும் சேர்த்து நாலு கிரெடிட் கார்டு. ஒன்று சம்பளக் கணக்கு இருக்கும் வங்கி தந்தது. இன்னொன்று ஆன்லைன் தள்ளுபடிக்காக வாங்கியது. மூன்றாவது பெட்ரோலுக்கு. நாலாவது, ஷாப்பிங் மாலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த பையன் ‘லைஃப்டைம் ஃப்ரீ சார்’ என்று தலையில் கட்டியது. இவற்றோடு வாடகை, அப்பார்ட்மென்ட் பராமரிப்பு, பிராட்பேண்ட், இரண்டு செல்போன், கேஸ் சிலிண்டர், குழந்தையின் பள்ளிக் கட்டணம், கரண்ட் பில், மதுரையில் இருக்கும் பெற்றோர் வீட்டுக்குச் சொத்து வரி, மெடிக்கல் இன்ஷூரன்ஸ், பைக் இன்ஷூரன்ஸ்.

வரவுக்குள் செலவு அடங்கிவிடுகிறது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் கொஞ்சம் மிஞ்சவும் செய்கிறது. அப்படியும் இவர்களுடைய ஸ்டேட்மென்டில் ஒரு மாதம் விட்டு ஒரு மாதம் ‘லேட் ஃபீ’ என்றொரு வரி எட்டிப் பார்க்கும். நாலு கார்டின் கடைசித் தேதிகளும் 3, 11, 19, 27 என்று மாதம் முழுக்கச் சிதறிக் கிடப்பதுதான் காரணம். 27ஆம் தேதி வருவதற்குள் கணக்கு காய்ந்துவிடும். 3ஆம் தேதியோ சம்பளம் வந்த மயக்கத்தில் மறந்துபோகும். ஆகவே வரவு செலவுக் கணக்கு எழுதுவதற்கு முன்னால், தேதிக் கணக்கை எழுதவேண்டும். பணத்தைக் கூட்டுவது நம் கையில் இல்லை. தேதியை நகர்த்துவது நம் கையில்தான் இருக்கிறது.

ஒவ்வொரு கார்டுக்கும் இரண்டு தேதி உண்டு. பில் போடும் தேதி ஒன்று, பணம் கட்டவேண்டிய கடைசித் தேதி இன்னொன்று. புதிதாகக் கார்டு வாங்குகிறவர்கள் இரண்டாவதை மட்டும் பார்க்கிறார்கள். முதலாவதுதான் சூட்சுமம். பில் 12ஆம் தேதி போடப்படுகிறது, அதிலிருந்து 20 நாள் அவகாசம் என்று வைத்துக்கொள். ஜூன் 12 அன்று ஒரு மிக்ஸி வாங்கினால் அது அன்றைய பில்லிலேயே ஏறி, ஜூலை 2க்குள் பணம் கட்டவேண்டும். அதே மிக்ஸியை மறுநாள், ஜூன் 13 அன்று வாங்கினால் ஜூலை 12 பில்லில்தான் வரும். ஆகஸ்ட் 1 வரை நேரம். ஒரே ஒரு நாள் தள்ளிப் போட்டதற்கு, 20 நாள் அவகாசம் 49 நாளாகிறது. ‘50 நாள் வரை வட்டி கிடையாது’ என்று விளம்பரத்தில் வருவது இதைத்தான். அந்த ‘வரை’யைக் கவனிக்கவேண்டும்.

இந்தத் தேதி கார்டோடு பிறந்தது, மாற்ற முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலில் வெளியிட்டு, அந்த ஆண்டு ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த கிரெடிட் கார்டு விதிகளின்படி, பில் சுழற்சியை ஒரு தடவையாவது மாற்றிக்கொள்ளும் வசதியை கார்டு தரும் நிறுவனம் வாடிக்கையாளருக்குக் கொடுத்தாக வேண்டும். வங்கியின் ஆப்பிலோ, வாடிக்கையாளர் சேவை எண்ணிலோ கேட்டால் போதும். வேளச்சேரிக் குடும்பம் நாலு கார்டுக்கும் பில் தேதியை 15ஐ ஒட்டி மாற்றிக்கொண்டால், கடைசித் தேதிகள் எல்லாம் அடுத்த மாதம் முதல் வாரத்தில், சம்பளத்தின் சூடு ஆறுவதற்குள் வந்து நிற்கும். மாற்றுகிற அந்த மாதம் மட்டும் ஒரு பில் வழக்கத்தைவிட நீளமாகவோ குட்டையாகவோ வரும். பயப்பட வேண்டாம், ஆனால் அந்தப் பில்லை மட்டும் இரண்டு தடவை பார்த்துவிடு.

இதற்கு நேரெதிராக, தேதிகளை வேண்டுமென்றே பிரித்து வைத்து, எந்த நாளில் எதை வாங்கினாலும் 40 நாளுக்குக் குறையாமல் அவகாசம் கிடைக்கும்படி கார்டுகளை மாற்றி மாற்றித் தேய்க்கும் கெட்டிக்காரர்களும் உண்டு. ஆபீஸில் இப்படி ஒருவர் உன் பக்கத்து சீட்டிலேயே இருப்பார். அவர் அதை ஒரு விளையாட்டாக ரசித்துச் செய்கிறார், செய்யட்டும். இரண்டு பேர் சம்பளம், ஒரு குழந்தை, சமையல், டிராஃபிக் என்று ஓடும் வீட்டுக்கு அந்த விளையாட்டு கட்டுப்படியாகாது.

அடுத்தது ‘மினிமம் டியூ’. பில்லில் மொத்தத் தொகைக்குப் பக்கத்திலேயே, பார்த்தால் பாவமாகத் தெரிகிற அளவில் ஒரு சின்னத் தொகை இருக்கும். 40,000 ரூபாய் பில்லுக்குக் குறைந்தபட்சம் 5 சதவீதம், அதாவது 2,000 கட்டினால் போதும் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 38,000. கார்டு வட்டி மாதத்துக்கு 3.5 சதவீதம் என்று எடுத்துக்கொண்டால் ஒரு மாத வட்டி 1,330 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வேறு, அது 239 ரூபாய் 40 காசு. இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 1,569. அந்த மாதம் புதிதாக ஒரு குண்டூசி வாங்காவிட்டாலும் அடுத்த பில் 39,569க்கு வரும். 2,000 ரூபாய் கட்டியும் கடன் குறைந்தது 431 ரூபாய்தான்.

இது நடப்பதைவிடக் குறைத்துப் போட்ட கணக்கு. முழுத்தொகையைக் கட்டாதபோது, பொருளை வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓட ஆரம்பித்துவிடும். அந்த 49 நாள் சலுகையும் பறிபோகும். பாக்கி தீரும்வரை புதிதாக வாங்கும் அரைக் கிலோ காபித்தூளுக்குக்கூட வாங்கிய நாளிலிருந்தே வட்டி. மாதம் 3.5 என்பது வருஷத்துக்கு 42 சதவீதம். அடகுக் கடை வட்டியைக் கேட்டு நெஞ்சில் கைவைக்கிறவர்கள் கார்டு வட்டியைக் கேட்டுப் பதறுவதில்லை. பளபளப்பான அட்டையில் வருவதாலோ என்னவோ. ஏ.டி.எம்.மில் கார்டைப் போட்டுப் பணம் எடுப்பது இதைவிட மோசம். அதற்கு வட்டியில்லா நாள் என்பதே கிடையாது, எடுத்த நாள் முதல் வட்டி, மேலே தனிக் கட்டணம்.

ஒருநாள் இரண்டுநாள் தவறிப்போனால் குடி மூழ்கிவிடாது. கடைசித் தேதி தாண்டி 3 நாளுக்கு மேல் போனால்தான் லேட் ஃபீ போடலாம், கடன் தகவல் நிறுவனங்களுக்கு ‘பாக்கி’ என்று தெரிவிக்கலாம் என்பது ரிசர்வ் வங்கியின் அதே 2022 விதி. ஆனால் 4ஆம் நாள் ஆகிவிட்டால் கணக்கு பழைய கடைசித் தேதியிலிருந்தே போடப்படும். கடன் தகவல்கள் 2025 ஜனவரியிலிருந்து 15 நாளுக்கு ஒரு தடவையாவது புதுப்பிக்கப்படுவதால், தவறு சிபில் ஸ்கோரில் ஏற முன்போல ஒரு மாதம் ஆகாது. வீட்டுக்கடன் வாங்கப்போகும் வருஷத்தில் இது உறைக்கும்.

வீட்டு பில்கள் கார்டைவிடச் சாது. அவற்றில் வம்பு செய்வது மாதக் கணக்குக்குள் அடங்காதவைதான். கரண்ட் பில்லைப் பார். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ரீடிங் எடுக்கிறார்கள், எடுத்த நாளிலிருந்து 20 நாளுக்குள் கட்டவேண்டும். ரீடிங் எடுப்பவர் வரும் நாளைப் பொறுத்துக் கடைசித் தேதி இடம் மாறும். வாடகை வீட்டில் இன்னொரு சிக்கல். இணைப்பு வீட்டுக்காரர் பெயரில், செல்போன் எண்ணும் அவருடையதாக இருந்தால், தொகையைச் சொல்லும் குறுஞ்செய்தி அவர் போனுக்குப் போய்ச் சேரும். அவர் அதைப் பார்க்காமல் விட்டால், ஃபியூஸைப் பிடுங்க ஆள் வந்து கதவைத் தட்டும்போதுதான் குடியிருப்பவருக்குத் தெரியும். குடிபோன வாரமே சர்வீஸ் எண்ணை வாங்கி உன் பில் பேமென்ட் ஆப்பில் சேர்த்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. பாரத் பில் பே வழியாகப் பிராட்பேண்ட், கேஸ், இன்ஷூரன்ஸ் எல்லாமே ஒரே திரையில் வந்துவிடும்.

சொத்து வரியில் தேதிக்குப் பரிசே இருக்கிறது. தமிழ்நாட்டு நகராட்சி, மாநகராட்சிகளில் அரையாண்டுக்கு ஒரு முறை வரி. அரையாண்டு தொடங்கி 30 நாளுக்குள், அதாவது ஏப்ரல் 30க்குள்ளும் அக்டோபர் 30க்குள்ளும் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். அப்பா அம்மா ஊரில் இருந்து, வரி கட்டுவது மகன் பொறுப்பு என்றான வீடுகளில் இந்தத் தேதிதான் முதலில் காற்றில் பறக்கும். இப்படி வருஷத்துக்கு ஒன்றும் இரண்டுமாக வரும் வரி, இன்ஷூரன்ஸ், பள்ளிக் கட்டணம் எல்லாவற்றையும் கூட்டி 12ஆல் வகுத்து, அந்தத் தொகையை மாதாமாதம் தனிக் கணக்கில் போட்டுவைப்பது பழைய தலைமுறையின் வழக்கம். இன்றும் அதைவிட நல்ல வழி வரவில்லை.

‘எல்லாவற்றையும் ஆட்டோ டெபிட்டில் போட்டுவிட்டால் தீர்ந்ததே’ என்று நீ கேட்பாய். போடலாம், போடவேண்டும். ஆனால் இரண்டு இடத்தில் கால் இடறும். முதலாவது, கார்டு பில்லுக்கு ஆட்டோ டெபிட் பதிவு செய்யும் படிவத்தில் ‘முழுத்தொகை’, ‘குறைந்தபட்சத் தொகை’ என்று இரண்டு கட்டம் இருக்கும். அவசரத்தில் இரண்டாவதில் டிக் அடித்துவிட்டு, ‘பணம்தான் தானாகப் போகிறதே’ என்று நிம்மதியாக இருப்பவருக்கு மேலே சொன்ன 42 சதவீதம் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். உன் பதிவில் எந்தக் கட்டம் என்று இன்றே திறந்து பார். இரண்டாவது, பிராட்பேண்ட், ஓ.டி.டி. போன்றவை கார்டிலிருந்து தானாகப் போகும்படி வைத்திருந்தால், கார்டு காலாவதியாகிப் புது எண் வந்ததும் அவை பெரும்பாலும் அறுந்துவிடும், மறுபடி பதிய வேண்டும். இன்ஷூரன்ஸ் பிரீமியம் இப்படி அறுந்தால் இழப்பு பெரிது. இந்த மாதிரித் தானியங்கிக் கட்டணங்களுக்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் தகவல் வரவேண்டும், 15,000 ரூபாய்க்கு மேல் போனால் பொதுவாக ஓ.டி.பி. கேட்கவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. இன்ஷூரன்ஸ், கார்டு பில் போன்ற சிலவற்றுக்கு இந்த வரம்பு 1 லட்சம். வருகிற தகவலை விளம்பரக் குறுஞ்செய்திகளோடு சேர்த்துத் தள்ளிவிடாமல் இருந்தால் சரி.

கட்டுவதை ஆப்பிடம் விட்டாலும் பில்லைக் கண்ணால் படிக்கும் வேலையை விட முடியாது. தேதிகளை ஒன்றாக்கியதன் உண்மையான லாபம் இங்கேதான். 15ஐ ஒட்டி நாலு பில்லும் வந்துவிடுவதால், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காபியோடு உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் முடியும். தேட வேண்டியது என்ன? யாரும் பார்க்காத ஓ.டி.டி. சந்தா. ‘ஃப்ரீ’ என்று சொன்ன கார்டில் விழுந்த ஆண்டுக் கட்டணம். திருப்பிக் கொடுத்த சட்டைக்கு வந்து சேராத பணம். ‘வட்டியில்லா இ.எம்.ஐ.’ என்று வாங்கிய போனுக்குப் பிராசஸிங் ஃபீயும் ஜி.எஸ்.டி.யும். எல்லாவற்றுக்கும் மேலாக, நீ செய்யாத செலவு. வங்கியின் மேலும் உன் மேலும் தவறில்லாமல் மூன்றாம் ஆள் செய்த மோசடியை, தகவல் வந்து 3 வேலை நாளுக்குள் வங்கியிடம் சொல்லிவிட்டால் உனக்கு இழப்பு கிடையாது என்று 2017ஆம் ஆண்டே ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. தாமதம் ஆக ஆக உன் பங்கு கூடும். புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் ஓம்பட்ஸ்மேனிடம் போகலாம், கட்டணம் கிடையாது.

இதற்கெல்லாம் பெரிய சாஃப்ட்வேர் தேவையில்லை. ஒரு பக்கத் தாள் போதும். கார்டின் பெயர், கடைசி நாலு எண், பில் தேதி, கடைசித் தேதி, எந்தக் கணக்கிலிருந்து போகிறது, முழுத்தொகையா, எந்தெந்தச் சந்தா இதில் தொங்குகிறது. கீழே கரண்ட் சர்வீஸ் எண், கேஸ் நுகர்வோர் எண், சொத்து வரி மதிப்பீட்டு எண், பாலிசி எண். முழுக் கார்டு எண், பின் நம்பர், சி.வி.வி. மட்டும் எழுதக்கூடாது. பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்தால் கணவனுக்கும் தெரியும், மனைவிக்கும் தெரியும். ஒருவரே எல்லாவற்றையும் மனசில் வைத்துக்கொண்டிருக்கும் வீட்டில், அவர் ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் படுத்தால் வைஃபை முதற்கொண்டு நின்றுபோகும்.

தாளை எழுதி முடித்ததும் இந்த நாலு கார்டில் ஒன்றாவது வேண்டாதது என்று தெரிந்துவிடும். வேளச்சேரிக் குடும்பத்துக்கு அது மாலில் வாங்கியது. பாக்கியில்லாத கார்டை மூடச் சொல்லிக் கேட்டால் 7 வேலை நாளுக்குள் வங்கி மூடவேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் உனக்குத் தரவேண்டும். கேட்பதை எழுத்தில், ஈமெயிலில் கேள். சேர்ந்திருக்கும் ரிவார்டு பாயின்ட்டை அதற்கு முன்பே செலவழித்துவிடு. எல்லாவற்றிலும் பழைய கார்டை மட்டும் அவசரப்பட்டு மூடாதே. கடனை நீ எத்தனை வருஷமாக ஒழுங்காகக் கையாள்கிறாய் என்பதற்கு அதுதான் சாட்சி, ஸ்கோர் போடுகிறவர்கள் அதையும் பார்ப்பார்கள்.

இரண்டு மாதம் கழித்து உன் கடன் அறிக்கையை எடுத்துப் பார். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நாலு நிறுவனங்கள். ஒவ்வொன்றும் வருஷத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும். நாலையும் ஒரே நாளில் வாங்காமல் மூன்று மாதத்துக்கு ஒன்றாக வாங்கினால் வருஷம் முழுக்க ஒரு கண் இருக்கும். மூடிய கார்டு அதில் இன்னும் உயிரோடு இருந்தால், வங்கி அனுப்பிய ஈமெயிலை இணைத்து அந்த நிறுவனத்தின் தளத்தில் ஆட்சேபம் பதிவு செய்.

அன்புடன்,
அண்ணன்