மேட்டர் எப்போ வரும்?

எழுதிப் பிழைக்க முடியுமா என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது: முடியும். ஆனால் பத்திரிகைக்குக் கட்டுரை எழுதி மட்டும் முடியாது.

மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு வீட்டிலிருந்து எழுதத் தொடங்கியபோதே இது தெரிந்துவிட்டது. பத்திரிகைச் சன்மானத்தில் கரண்ட் பில் கட்டலாம், வாடகை கட்ட முடியாது. என் வீட்டில் உலை வைப்பதெல்லாம் பெயர் போடாத வேலைகள்தான். தொண்டு நிறுவன அறிக்கைகளைத் தமிழாக்குவது, மருத்துவமனைக்கு நோயாளிக் கையேடு, விளம்பர வாசகம், சப்டைட்டில், ஆடியோ தொடருக்கு வசனம், ஓய்வுபெற்ற ஒரு தொழிலதிபரின் வாழ்க்கையை அவர் பெயரிலேயே எழுதித் தருவது. அப்படியென்றால் பத்திரிகை எதற்கு? இந்த வேலைகளைக் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் என் பெயரை ஏதோ ஒரு இதழில் பார்த்துவிட்டுத்தான் கூப்பிட்டார்கள்.

இதழில் நுழைய நினைப்பவர்கள் ஆசிரியருக்கு மெயில் அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறார்கள். ஆசிரியரைவிட உதவி ஆசிரியருக்குத்தான் உங்கள் தேவை அதிகம். பக்கத்தை நிரப்ப வேண்டிய கவலை அவருடையது. அவரிடம் ‘விவசாயம் பற்றி எழுதவா சார்?’ என்று கேட்டால் பதில் வராது. ‘விருத்தாசலம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு ஆடிப்பட்டக் கடலை வரத் தொடங்கிவிட்டது. மூன்று விவசாயிகளும் ஒரு வியாபாரியும் பேசச் சம்மதித்திருக்கிறார்கள். படம் இருக்கிறது. 800 வார்த்தை, வெள்ளிக்கிழமை தருகிறேன்’ என்று அனுப்பிப் பாருங்கள். அன்றைக்கே ‘மேட்டர் எப்போ வரும்?’ என்று போன் வரும்.

காலண்டரையும் பார்க்க வேண்டும். தீபாவளி மலருக்கான யோசனையை ஐப்பசியில் சொல்லிப் பயனில்லை, ஆடியிலேயே சொல்லிவிட வேண்டும். ஜனவரி சென்னைப் புத்தகக் காட்சியை வைத்துத்தான் பதிப்பகங்கள் இயங்குகின்றன. மெய்ப்பு, மொழிபெயர்ப்பு, பின்னட்டை வாசகம் என்று செப்டம்பரிலிருந்து அங்கே ஆள் தேடுவார்கள். பிளஸ் டூ ரிசல்ட்டை ஒட்டிக் கல்வி இணைப்புகள் வரும். தேர்தல் வந்தால் பிரசார வாசக வேலை குவியும், தொகையும் பெரிதாகச் சொல்வார்கள். முழுப்பணத்தையும் முன்னால் வாங்காமல் தொடாதீர்கள். தோற்ற வேட்பாளரிடம் பாக்கி வசூலித்தவர் எவரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை.

முதல் வாய்ப்பு யாருக்கும் கிடைத்துவிடும். இரண்டாவது வாய்ப்பைத் தீர்மானிப்பது நடையழகு அல்ல என்று நினைக்கிறேன். உங்கள் ஃபைலைத் திறந்த பிறகு அலுவலகத்தில் இருப்பவருக்கு எவ்வளவு வேலை மிச்சம் இருக்கிறது என்பதுதான். பல இடங்களில் லே-அவுட் இன்னும் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவிலேயே நடக்கிறது. நீங்கள் யூனிகோடில் அனுப்பியதை அவர்கள் கன்வெர்ட்டரில் போட்டு மாற்றும்போது வளைந்த மேற்கோள் குறிகள் சம்பந்தமில்லாத எழுத்தாக மாறிவிடும், ‘ஸ்ரீ’ உடைந்துபோகும். அதனால் நான் வேர்டு ஃபைலோடு ஒரு பிடிஎஃப்பும் சேர்த்து அனுப்புகிறேன், ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளட்டும் என்று. தலைப்புக்கு இரண்டு மூன்று யோசனை, படத்தில் இருப்பவர்களின் பெயர் இடமிருந்து வலமாக, பேட்டி கொடுத்தவர்களின் கைபேசி எண் எல்லாம் அதே மெயிலில் போய்விடும். இதழ் முடிக்கிற ராத்திரி ‘இருபது வரி குறையணும்’ என்று கேட்டால், எந்த இருபது வரி என்று நீங்களே குறித்துக் கொடுங்கள். அந்த நேரத்தில் போனை எடுக்கிறவரை யாரும் மறப்பதில்லை.

இனி பணம். மொழிபெயர்ப்புக்கு ‘வார்த்தைக்கு இவ்வளவு’ என்பார்கள். எந்த வார்த்தை என்று உடனே கேளுங்கள். ஆங்கிலத்தில் மூன்று நான்கு சொல்லாகக் கிடப்பது தமிழில் ‘வீட்டிலிருந்து’ என்று ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். என் கையில் 1,000 ஆங்கிலச் சொற்கள் பெரும்பாலும் 700, 750 தமிழ்ச் சொற்களாகத்தான் வருகின்றன. தமிழை எண்ணிக் காசு கொடுத்தால் கால் பங்கோ அதற்கு மேலோ போய்விடும். மூலத்தின் சொல் எண்ணிக்கைக்கே கொட்டேஷன் கொடுங்கள். அப்படிக் கொடுத்தால் வேலை கைக்கு வருமுன்பே தொகை இரு தரப்புக்கும் தெரிந்துவிடும்.

இப்போது புதிதாக ஒரு வழக்கம் வந்திருக்கிறது. இயந்திரம் மொழிபெயர்த்ததை அனுப்பி, ‘லேசா ஒரு பார்வை பார்த்துக் குடுங்க, கால்வாசி ரேட்’ என்கிறார்கள். அதை லேசாகப் பார்க்கவே முடியாது. பாதி வாக்கியங்களை இடித்துத்தான் கட்ட வேண்டியிருக்கும். நான் மணிக்கணக்கில் வாங்குகிறேன், இல்லையென்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன்.

பதிப்புரிமை விஷயத்தில் நம் ஆட்கள் ரொம்பவே அலட்சியம். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, ஊழியராக இல்லாமல் வெளியிலிருந்து எழுதித் தருகிறவரின் எழுத்துக்கு அவரே முதல் உரிமையாளர். எழுத்து மூலம் உரிமையை மாற்றிக் கொடுத்தாலொழிய அது கைமாறாது. மாற்றிக் கொடுத்த பத்திரத்தில் காலம் குறிப்பிடவில்லையென்றால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடவில்லையென்றால் இந்தியாவுக்குள் மட்டும். அதனால்தான் ஒப்பந்தத்தில் ‘எல்லா உரிமைகளும், எல்லாக் காலத்துக்கும், உலகம் முழுதும்’ என்று நீட்டி எழுதுகிறார்கள். அடித்துவிட்டு, முதல் வெளியீட்டு உரிமை மட்டும் என்று எழுதச் சொல்லிக் கேளுங்கள். சிலர் ஒத்துக்கொள்வார்கள். பிறகு அந்தக் கட்டுரைகளைப் புத்தகமாக்கும்போதோ ஆடியோவுக்குக் கொடுக்கும்போதோ யாரிடமும் போய் நிற்க வேண்டாம். அடுத்தவர் பெயரில் எழுதித் தருவது வேறு கணக்கு. அதில் உரிமையையும் எழுதிக் கொடுத்துவிட வேண்டியிருக்கும், ஆகவே தொகையைக் கூட்டிக் கேட்டு, பாதியை முன்பணமாக வாங்கிவிட வேண்டும்.

வாய்வார்த்தையாகப் பேசியதை அன்றைக்கே ஒரு மெயிலாக எழுதி அனுப்பிவிடுங்கள்: தொகை, தேதி, எத்தனை முறை திருத்தித் தருவேன், பெயர் வருமா வராதா. வரியையும் கணக்கில் வையுங்கள். ஒரே நிறுவனம் நிதியாண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் 10 சதவீதம் டிடிஎஸ் பிடிப்பார்கள் (2025 ஏப்ரலுக்கு முன் இந்த வரம்பு 30,000). வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால் ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம். சோம்பலில் இதை விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

பாக்கி இழுப்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. எழுத்துத் தொழிலையும் குறுந்தொழிலாக மத்திய அரசின் ‘உத்யம்’ தளத்தில் பதிவு செய்யலாம். பதிவு எண்ணை இன்வாய்ஸின் தலையில் போடுங்கள். 2006-ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டப்படி, வாங்கியவர் பேசிக்கொண்ட கெடுவுக்குள், அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் வட்டி, அதுவும் ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு, கூட்டு வட்டியாக. 2023-24 நிதியாண்டிலிருந்து இன்னொரு பிடியும் சேர்ந்திருக்கிறது. கெடுவுக்குள் தராத தொகையை, பணம் கொடுக்கும்வரை நிறுவனம் தன் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. மாதக்கணக்கில் ‘அடுத்த வாரம்’ சொன்ன ஓர் இடத்திலிருந்து மார்ச் கடைசியில் கணக்குப் பிரிவே கூப்பிட்டு, ‘மேடம், உங்க பேங்க் டீடெயில்ஸ் ஒருவாட்டி அனுப்புங்க’ என்றது இதனால்தான்.

பதிவுக்கு ஆதாரும் பானும் போதும், கட்டணம் கிடையாது. அரசுத் தளம் போலவே தோற்றம் காட்டும் தனியார் தளங்கள் சில நூறு, சில ஆயிரம் என்று கேட்கும். பணம் கேட்டால் அது அரசுத் தளம் இல்லை, வெளியே வந்துவிடுங்கள்.