மரச்சட்டம் நனைந்தால் வீடு கெடுமா? மெல்பர்னில் வீடு கட்டுவோர்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

மெல்பர்னின் மேற்குப் புறநகர்களில் மனை வாங்கி வீடு கட்டும் தமிழ்க் குடும்பங்கள் பல. ஊரில் அப்பாவோ மாமாவோ மேஸ்திரியை வைத்து வீடு கட்டியதைப் பார்த்து வளர்ந்தவர்கள், அதே அளவுகோலை இங்கேயும் வைக்கிறார்கள். பயப்பட வேண்டாத இடத்தில் பயந்து, கவனிக்க வேண்டிய இடத்தில் கோட்டை விடுவது அதனால்தான். அடிக்கடி காதில் விழும் சில நம்பிக்கைகளைச் சரிபார்ப்போம்.

நம்பிக்கை: மனைக்கு முன்பணம் கட்டியாயிற்று, இனி வேலையை ஆரம்பிக்க வேண்டியதுதான்.

உண்மை: புதிய குடியிருப்புப் பகுதிகளில் மனைகள் பெரும்பாலும் வரைபடமாக இருக்கும்போதே விற்கப்படுகின்றன. சாலையும் கழிவுநீர்க் குழாயும் மின்சாரமும் வந்து, உட்பிரிவு பதிவாகி, டைட்டில் (உரிமைப் பத்திரம்) கிடைத்த பிறகுதான் மனை உங்கள் கைக்கு வரும். அதற்குப் பல மாதங்கள் ஆகலாம். பில்டர் சொன்ன விலை எந்தத் தேதி வரை செல்லும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். டைட்டில் தாமதமானால் முதல் அடி அங்கேதான் விழும்.

நம்பிக்கை: விளம்பரத்தில் போட்ட விலைக்கே வீடு கிடைக்கும்.

உண்மை: மேற்கு மெல்பர்ன் எரிமலைச் சமவெளி. மேலே களிமண், கீழே எரிமலைக் குழம்பு உறைந்த பாறை. இந்தக் களிமண் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். மண் பரிசோதனையில் எம், எச்1, எச்2, இ என்று வகை ஏற ஏற, கான்கிரீட் ஸ்லாப் கனமாகும், செலவும் கூடும். பாறை உடைக்கும் செலவு ஒப்பந்தத்தில் உத்தேசத் தொகையாக மட்டுமே இருந்தால், கூடுதல் பணம் உங்கள் தலையில்தான் விழும். அது உறுதி செய்யப்பட்ட தொகையா என்று கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள்.

நம்பிக்கை: செங்கல் சுவர்தான் கூரையைத் தாங்குகிறது. உள்ளே இருக்கும் மரச்சட்டம் மழையில் நனைந்தால் வீடே போச்சு.

உண்மை: இங்கே பெரும்பாலான வீடுகளில் கூரையைத் தாங்குவது மரச்சட்டம். செங்கல் வெளிப்புறத் தோல் மட்டுமே. இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. கட்டும்போது சில வாரம் மழை பட்டதால் மட்டும் சட்டம் கெட்டுவிடாது. பிளாஸ்டர் போர்டு அடிப்பதற்கு முன் நன்றாகக் காய்ந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. செங்கல் சுவரின் அடிவரிசைக்கு அருகே குனிந்து பாருங்கள். சில செங்கற்களுக்கு நடுவே சிமெண்ட் பூசாமல் நிமிர்ந்த சிறு சந்துகள் விட்டிருப்பார்கள். வேலை அரைகுறை என்று நினைத்து, பல்லியும் எறும்பும் வராதிருக்க அவற்றை அடைப்பவர்கள் உண்டு. செங்கல்லைத் தாண்டி உள்ளே வரும் நீர் வெளியேறும் வழி அதுதான். அடைத்தால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். தோட்ட மண்ணைக் கொட்டி மூடிவிடுவதும் அதே தவறு.

நம்பிக்கை: சட்டம் நிமிர்ந்துவிட்டது, பாதி வேலை முடிந்த மாதிரி.

உண்மை: மரச்சட்டம் சில நாட்களிலேயே எழுந்து நிற்கும். அதற்குப் பிறகு பல வாரம் வெளியே எதுவும் தெரியாது. குழாய், மின்கம்பி, காப்புப் பஞ்சு எல்லாம் சுவருக்குள் நடக்கிற வேலை. ஆகவே முன்னேற்றத்தைக் கண்ணால் அளக்காமல் கட்டங்களால் அளக்க வேண்டும். விக்டோரியா மாநிலத்தின் 1995-ஆம் ஆண்டு வீட்டுக் கட்டுமான ஒப்பந்தச் சட்டம் முழு வீட்டுக்கு வகுத்த வழக்கமான பங்கீடு இது: முன்பணம் 5 சதவீதம், அடித்தளம் 10, சட்டம் 15, லாக்-அப் 35, ஃபிக்ஸிங் (உட்புறப் பொருத்து வேலைகள்) 25, முடிவில் 10. பெரிய தொகை லாக்-அப்பில்தான் போகிறது. வெளிச்சுவர், கூரை, தரை, வெளிக்கதவு, ஜன்னல் எல்லாம் பொருத்தியாயிற்றா என்று நேரில் பார்க்காமல் அந்தப் பணத்தை விடாதீர்கள். விதிகள் திருத்தப்படுவதும் உண்டு, கையெழுத்திடும் நாளில் எது நடைமுறையோ அதைக் கேட்டறியுங்கள்.

நம்பிக்கை: சைட்டில் ஒரு வார்த்தை சொன்னால் ஜன்னலை நகர்த்திவிடுவார்கள்.

உண்மை: ஊரில் மேஸ்திரியிடம் அது நடக்கும். இங்கே ஒவ்வொரு மாற்றமும் விலையோடும் கூடுதல் நாட்களோடும் எழுத்தில் வர வேண்டும். வாய்ப்பேச்சுக்கு மதிப்பில்லை.

நம்பிக்கை: பெரிய கம்பெனி, பயமே வேண்டாம்.

உண்மை: விக்டோரியாவின் பெரிய பில்டர்களில் ஒன்றான போர்ட்டர் டேவிஸ் 2023 மார்ச் 31 அன்று திவாலானது. விக்டோரியாவிலும் குவீன்ஸ்லாந்திலும் சுமார் 1,700 வீடுகள் பாதியில் நின்றன. முன்பணம் கட்டிய பலருக்குத் தங்கள் பெயரில் காப்பீடே எடுக்கப்படவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. மாநில அரசு உதவித் திட்டம் அறிவித்தபிறகே அவர்களுக்கு வழி பிறந்தது. பில்டரின் பெயரைப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். உங்கள் பெயரும் மனை முகவரியும் உள்ள காப்பீட்டுச் சான்றிதழ் கையில் வந்த பிறகு முன்பணம் கொடுங்கள்.

நம்பிக்கை: குடியேறும் அனுமதி வந்துவிட்டால் வீட்டில் குறையே இல்லை.

உண்மை: வீடு குடியிருக்கத் தகுந்தது என்பதற்கு மட்டுமே அது சான்று. ஒப்பந்தத்தில் உள்ள எல்லாம் செய்து முடித்தாயிற்று என்று அது சொல்லவில்லை.

மழையாலும் டைட்டிலாலும் வரும் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். சரிபார்க்காமல் கொடுத்த பணத்தைத் திரும்பப் பெறுவதுதான் பெரும்பாடு. ஒவ்வொரு கட்டத்திலும் பில்டருக்குச் சம்பந்தமில்லாத ஒரு கட்டட ஆய்வாளரை வைத்துப் பாருங்கள். அவர் எழுதித் தரும் குறைகள் சரியான பிறகே அந்தக் கட்டத்துக்கான பணத்தைச் செலுத்துங்கள்.