பழைய பியானோவில் ‘டிக்’ சத்தமா?

பழைய பியானோ சத்தம் போடுகிறது என்று அழைத்தால், போனதும் ஸ்க்ரூடிரைவரை எடுக்காதீர்கள். முதலில் மேலே இருக்கும் போட்டோ ஃபிரேம், பூச்சாடி, விளக்கு எல்லாவற்றையும் இறக்கி வையுங்கள். ஒரே ஒரு சுரத்துக்கு மட்டும் கூடவே அதிரும் கண்ணாடி உங்கள் பாதி நாளைத் தின்றுவிடும்.

அப்படியும் நிற்கவில்லையா? சத்தம் எந்த நொடியில் வருகிறது என்று கேளுங்கள். சுத்தியல் தந்தியைத் தொடாத அளவுக்குக் கட்டையை மெதுவாக அழுத்துங்கள். அப்போதே தடதடத்தால் கட்டைத் துளைகளில் ஒட்டிய துணி தேய்ந்திருக்கலாம். அடித்த கணத்தில் மட்டும் ‘டிக்’ என்றால் சுத்தியல் தலையைப் பிடித்து லேசாகத் திருகிப் பாருங்கள். பசை விட்டிருந்தால் கையிலேயே தெரியும். விரலை எடுக்கும்போது வந்தால், பாகங்கள் திரும்பி விழுந்து உட்காரும் ஃபெல்ட்டும் தோலும் கெட்டிப்பட்டிருக்கும்.

பிறகு ஒவ்வொரு சுத்தியலையும் தாங்கும் மரத்துண்டான ஃபிளேஞ்சின் திருகுகள். வறண்ட காலத்தில் மரம் சுருங்கும், திருகு தளரும். 88 சுத்தியலுக்கும் இறுக்கிவிட்டு மறுபடி வாசித்துக் கேளுங்கள். திருகு பிடித்ததும் நிறுத்திவிடுங்கள், மரத்தில் மரை போனால் வேலை இரட்டிப்பு.

இன்னும் ‘டிக்’ என்றால் சென்டர் பின். ஏறக்குறைய 1.27 மி.மீ. தடிமனுள்ள இந்தச் சின்னக் கம்பி, கம்பளித் துணி பதித்த துளைக்குள் சுழல்கிறது. துணி தேய்ந்தால் சுத்தியல் பக்கவாட்டில் ஆடும். பழைய பின்னைத் தள்ளி எடுத்து, துளையை ரீமரால் சீராக்கி, சற்றே தடித்த பின்னைப் போடுங்கள். சுத்தியலை ஆட்டிவிட்டால் சில தடவை ஊசலாடி அடங்க வேண்டும். உடனே விறைத்து நின்றாலும் தப்பு, அடங்காமல் ஆடினாலும் தப்பு. இந்தப் பக்குவம் கைக்கு வர மாதக்கணக்காகும், அவசரப்படாதீர்கள்.

நியூயார்க்கில் செய்த ஸ்டைன்வே என்றால் வயதைக் கேளுங்கள். 1962 முதல் 1980களின் தொடக்கம் வரை அங்கே துணிக்குப் பதில் டெஃப்லான் குழாய் பதித்தார்கள். ஈரப்பதம் மாற மாற மரம் பெருத்துச் சுருங்கியது, டெஃப்லான் அப்படியே இருந்தது. இரண்டுக்கும் நடுவில் விழுந்த இடைவெளிதான் அந்தப் பியானோக்களின் ‘டிக்’. அதற்குத் தனிக் கருவிகள் வேண்டும். பழகாதவர் கைவைக்க வேண்டாம்.

எந்தப் பியானோவிலும் தையல் மெஷின் எண்ணெய் விடாதீர்கள். துணியும் மரமும் அதை உறிஞ்சும், தூசி ஒட்டும், பிறகு கட்டைகளே எழும்பாது.

ஒரு சுத்தியல் ஆடினால், அதே வயதுள்ள அடுத்த சுத்தியலும் சீக்கிரம் ஆடும். இதை முதல் நாளே வீட்டாரிடம் சொல்லி, கெட்டதை மட்டும் சரிசெய்ய எவ்வளவு, முழு செட்டுக்கும் எவ்வளவு என்று இரண்டு தொகையையும் எழுதிக் கொடுத்துவிட்டு, சுத்தியல்கள் அடங்கிய ஆக்‌ஷனை வெளியே எடுங்கள்.