பழைய வீடும் புதிய வாயிலும்

பிறந்து வளர்ந்த வீட்டை விட்டுப் பிழைப்பை நாடி வெளியூர் செல்வோர் உண்டு. சென்ற இடத்தில் வசதிகள் பல வாய்க்கலாம். ஆயினும், பழைய வீட்டின் முற்றமும் திண்ணையும் அவர்தம் உள்ளத்தை விட்டு நீங்குவதில்லை. அவ்வீடு செப்பனிடப்பட்டது என்னும் செய்தி காதில் விழுந்தவுடன், ஒருமுறை சென்று பார்த்து வரவேண்டும் என்னும் ஆவல் பிறக்கிறது. கணினியைக் கையாள்வோரிடையேயும் இத்தகைய போக்கும் வரவும் உண்டு. ஒரு காலத்தில் விரும்பிப் பயன்படுத்திய லினக்ஸ் வழங்கல் ஒன்றை ஏதேனும் ஒரு குறை காரணமாகக் கைவிடுவர். புதிய வெளியீடு வந்ததும் மீண்டும் அதனை நாடுவர். 2023-ஆம் ஆண்டில் டெபியன் என்னும் வழங்கலின் பன்னிரண்டாம் வெளியீடு அத்தகைய வாய்ப்பைப் பலருக்கு அளித்தது. அவர்கள் ஏன் விலகினர், ஏன் திரும்பினர் என்பதை அறிவது ஒரு கருவியின் வரலாற்றை அறிவது மட்டும் அன்று. கொள்கையும் பயனும் முரண்படும்போது ஒரு கூட்டத்தார் எவ்வாறு முடிவு காண்கின்றனர் என்பதை அறிவதும் ஆகும்.

கணினி தானாக எதையும் செய்யவல்லது அன்று. அதன் உறுப்புகளை இயக்கி, மனிதன் இடும் பணிகளை ஏற்று நடத்துவது இயங்குதளம் என்னும் மென்பொருள் தொகுதியே ஆகும். இயங்குதளத்தின் நடுநாயகமாக நின்று, வன்பொருளையும் பிற மென்பொருள்களையும் இணைப்பது கருனி எனப்படும். பின்லாந்து நாட்டின் எல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் பயின்ற லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் இளைஞர், 1991-ஆம் ஆண்டில் லினக்ஸ் என்னும் கருனியை வெளியிட்டார். அதற்கு எட்டாண்டுகளுக்கு முன்பே, 1983-ஆம் ஆண்டில், அமெரிக்கராகிய ரிச்சர்டு ஸ்டால்மன் கட்டற்ற மென்பொருள் என்னும் கருத்தை உலகின் முன் வைத்திருந்தார். மென்பொருளை விரும்பியவாறு இயக்குதல், அதன் மூலநிரலைப் படித்தறிதல், பிறருக்கு வழங்குதல், திருத்தி மேம்படுத்துதல் என்னும் நான்கு உரிமைகளும் பயனருக்கு உண்டு என்பதே அக்கருத்தின் சாரம்.

அரிசி இருந்தால் மட்டும் விருந்து ஆகிவிடாது. கறியும் குழம்பும் சமைத்து, இலை போட்டுப் பந்தியில் பரிமாறுவோரும் வேண்டும். அவ்வாறே, கருனி மட்டும் இருந்தால் கணினி பயன்படாது. எழுதவும் படம் வரையவும் இணையத்தில் உலவவும் உதவும் ஆயிரக்கணக்கான மென்பொருள்களைத் திரட்டி, ஒன்றோடொன்று பொருந்தச் செய்து, எளிதில் நிறுவத்தக்க பொதிகளாக்கித் தருதல் வேண்டும். இப்பணியின் விளைவே வழங்கல் என்பது. லினக்ஸ் ஒன்றே, அதன் வழங்கல்கள் பல.

அவ்வழங்கல்களுள் மூத்தவற்றில் ஒன்று டெபியன். அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்துப் பர்டியூ பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த இயன் மர்டாக் என்பார், 1993-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் நாள் இதனைத் தொடங்குவதாக அறிவித்தார். அப்பொழுது அவருக்கு வயது இருபது. பின்னர்த் தம் மனைவியாக வந்த டெப்ராவின் பெயரையும் தம் பெயரையும் இணைத்து, டெபியன் என்று பெயர் சூட்டினார். இதற்கு உரிமையாளராக எந்த நிறுவனமும் இல்லை. பல நாடுகளிலும் பரவியிருக்கும் ஏறத்தாழ ஆயிரம் உறுப்பினர்கள் ஊதியம் கருதாது இதனை ஆக்கியும் காத்தும் வருகின்றனர். ஊர் கூடித் தேர் இழுப்பது போன்றது இவர்கள் தொண்டு. ஆண்டுதோறும் தங்களுள் ஒருவரை வாக்களித்துத் தலைவராகத் தேர்ந்தெடுக்கின்றனர்.

டெபியனைப் பலர் விரும்பியதற்குக் காரணம் அதன் உறுதிப்பாடே. புதிதாக வரும் ஒரு பொதி முதலில் ‘நிலையற்றது’ என்னும் கிளையில் வைக்கப்படுகிறது. சில நாள் அங்கே பெரும்பிழை எதுவும் தோன்றாவிடின், ‘சோதனை’ என்னும் கிளைக்குச் செல்கிறது. வெளியீட்டுக் காலம் நெருங்கும்போது, புதியன சேர்ப்பது நிறுத்தப்பட்டு, பிழை களையும் பணியே நடைபெறுகிறது. பெரும்பிழைகள் நீங்கிய பின்னரே ‘நிலையானது’ என்னும் பெயருடன் அது வெளிவருகிறது. ஏறத்தாழ ஈராண்டுக்கு ஒருமுறை இது நிகழும். வெளியீடுகளுக்கு ‘டாய் ஸ்டோரி’ என்னும் திரைப்படத்தின் பாத்திரப் பெயர்களைச் சூட்டுவது வழக்கம். அப்படத்தில் பொம்மைகளை உடைக்கும் சிறுவனின் பெயர் சிட். நிலையற்ற கிளைக்கு என்றும் அவன் பெயரே வழங்குவது நகைச்சுவையோடு கூடிய பொருத்தம் அன்றோ!

உறுதிப்பாட்டிற்கு மேலாக, டெபியனுக்கு ஒரு கொள்கையும் உண்டு. 1997-ஆம் ஆண்டில் உறுப்பினர்கள் சமூக ஒப்பந்தம் ஒன்றை ஏற்றனர். டெபியன் முழுவதும் கட்டற்ற மென்பொருளாகவே இருக்கும் என்றும், குறைகளை மறைப்பதில்லை என்றும் அதில் உறுதி கூறினர். பயனர்களின் நலன், கட்டற்ற மென்பொருளின் நலன் ஆகிய இரண்டுமே தங்களுக்கு முதன்மையானவை என்றும் எழுதி வைத்தனர். இவ்விரண்டும் என்றும் ஒரே திசையில் செல்லும் என்று கருதியிருக்கலாம். ஆனால், அவை எதிரெதிராக நிற்கும் காலமும் வந்தது.

கணினியினுள் கம்பியில்லா இணைப்புக்கும் திரைக்காட்சிக்கும் தனித்தனிச் சில்லுகள் உள்ளன. அவற்றுள் பல, தம்மை இயக்குவதற்கென்று அமைந்த ஒரு சிறு மென்பொருள் இல்லாவிடின் வேலை செய்யா. அதனை நிலைபொருள் என்பர். சில சில்லுகளில் அது நிலையாகவே பதிக்கப்பட்டிருக்கும். வேறு சிலவற்றிலோ, கணினி தொடங்கும் ஒவ்வொரு முறையும் இயங்குதளமே அதனை ஊட்டுதல் வேண்டும். இந்நிலைபொருளைத் தரும் நிறுவனங்களுள் பல அதன் மூலநிரலைத் தருவதில்லை. படிக்கவும் திருத்தவும் இயலாத ஒன்று கட்டற்ற மென்பொருள் ஆகாது. ஆகவே, 2011-ஆம் ஆண்டில் வந்த ஆறாம் வெளியீட்டில், டெபியன் தன் கருனியிலிருந்து இத்தகையவற்றை அறவே நீக்கியது. அவை தனிக் களஞ்சியம் ஒன்றில் வைக்கப்பட்டன. முறையான நிறுவற்கோப்பில் அவற்றுக்கு இடம் இல்லை.

இதனால் நேர்ந்த இடர் யாது? கல்லூரி மாணவர் ஒருவர் புதிய மடிக்கணினி ஒன்றில் டெபியனை நிறுவ முற்பட்டார் எனக் கொள்க. கம்பி இணைப்பிற்கான துளை அக்கணினியில் இல்லை. கம்பியில்லா இணைப்புக்கோ நிலைபொருள் வேண்டும். நிறுவும் மென்பொருள் அக்கோப்பின் பெயரைக் கூறி, அதனைத் தருமாறு கேட்கிறது. கோப்போ இணையத்தில் இருக்கிறது. இணையத்தை அடைய அக்கோப்பே வேண்டும். பூட்டிய பெட்டியின் திறவுகோல் பெட்டிக்குள்ளேயே இருந்தால் என்ன செய்வது? நிலைபொருளையும் சேர்த்த மற்றொரு நிறுவற்கோப்பு இருக்கத்தான் செய்தது. ஆனால், அது முறையானது அன்று என்னும் குறிப்போடு ஒதுக்கமான இடத்தில் இருந்தமையால், புதியவர் கண்ணில் எளிதில் படவில்லை.

இவ்வாறு இடர்ப்பட்டவருள் பலர் வேறு வழங்கல்களுக்குச் சென்றனர். அவர்கள் பெரிதும் நாடிய உபுண்டுவும் லினக்ஸ் மின்டும் டெபியனின் வழிவந்தவையே. சென்னையில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் என்னும் இந்திய இயங்குதளமும் அவ்வழியினதே. எனவே, வீட்டை விட்டுச் சென்றவர்கள் பிள்ளைகளின் இல்லத்திலேயே குடியிருந்தனர் எனலாம்.

டெபியன் உறுப்பினர்களிடையே இதுபற்றிய சொற்போர் நெடுநாள் நடந்தது. மூலநிரல் இல்லாத ஒன்றை முறையான கோப்பில் சேர்த்தால், கொள்கைக்கு ஊறு நேரும் என்றனர் ஒரு சாரார். இன்று ஒன்றுக்கு இடம் கொடுத்தால் நாளை மற்றொன்றும் நுழையும் என்பது அவர்கள் அச்சம். அதனைப் புறக்கணித்தற்கு இல்லை. மற்றொரு சாராரோ, வாயிலிலேயே மக்களைத் திருப்பி அனுப்பும் கொள்கை யாருக்குப் பயன்படும் என்று வினவினர். முறையான கோப்பைப் பயன்படுத்த இயலாதவர் கட்டற்ற மென்பொருளின் அருமையையே அறியாது போவர் என்றனர். பார்வையற்றோர் திரையைப் படிக்க இயலாமையால், ஒலி வழியே கேட்டு நிறுவுவது வழக்கம். ஒலிச் சில்லுக்கு நிலைபொருள் இல்லாதபோது அவர்களுக்கு அவ்வழியும் அடைபட்டது. இதுவும் எண்ணிப் பார்க்கப்பட்டது.

இருதரப்பிலும் நேர்மை இருந்தது. ஆகவே, யாரும் யாரையும் அடக்கி முடிவு காணவில்லை. 2022-ஆம் ஆண்டில் இவ்வினா பொது வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. பல முன்மொழிவுகள் வைக்கப்பட்டன. உறுப்பினர்கள் அவற்றைத் தம் விருப்ப வரிசைப்படி எண்ணிட்டு வாக்களித்தனர். சமூக ஒப்பந்தத்தைத் திருத்துவதாயின், மூன்றுக்கு ஒன்று என்னும் பெரும்பான்மை வேண்டும். அத்தகைய பெரும்பான்மையோடு, வன்பொருளுக்குத் தேவையான நிலைபொருளை முறையான நிறுவற்கோப்பில் சேர்க்கலாம் என்னும் முடிவு நிறைவேறியது. விதியை மீறி ஒன்றை மறைவில் செய்யாது, விதியையே வெளிப்படையாகத் திருத்தியது இங்குப் போற்றத்தக்கதாகும்.

இம்முடிவின்படி, 2023-ஆம் ஆண்டு ஜூன் 10-ஆம் நாள் பன்னிரண்டாம் வெளியீடு வந்தது. ‘புக்வோர்ம்’ என்னும் பெயர் தாங்கிய அதில் 64,419 பொதிகள் இருந்தன. முன்பு திரும்பிச் சென்ற மாணவர் இப்பொழுது மீண்டும் வந்தால், நிறுவும் மென்பொருளே தேவையான நிலைபொருளைக் கண்டறிந்து சேர்க்கிறது. கம்பியில்லா இணைப்பு உடனே கிடைக்கிறது. நிறுவும் மொழியாகத் தமிழையும் அவர் தேர்ந்துகொள்ளலாம். எனினும், கொள்கை கைவிடப்படவில்லை. நிலைபொருளுக்கெனத் தனிப் பிரிவு வகுக்கப்பட்டுள்ளது. எவ்வெவை சேர்க்கப்பட்டன என்பது பயனருக்குக் காட்டப்படுகிறது. வேண்டாதவர் தொடக்கத்திலேயே அதனை விலக்கவும் வழி உண்டு. வாயில் அகன்றது, வீட்டின் கடைக்கால் அசையவில்லை.

திரும்பி வருவோர் கருத்தில் கொள்ளத்தக்கன சில உண்டு. வட்டில் உள்ள கோப்புகளுக்கு வேறோரிடத்தில் படி எடுத்து வைத்த பின்னரே புதிய வெளியீட்டை நிறுவுதல் வேண்டும். நிறுவாமலே பென்டிரைவிலிருந்து இயக்கிப் பார்க்கும் வகையும் இருப்பதால், ஒலியும் திரையும் இணைப்பும் செம்மையாக உள்ளனவா என்று முன்னரே ஆய்ந்தறியலாம். பழைய டெபியன் கணினியில் இருப்பின், பத்தாம் வெளியீட்டிலிருந்து பன்னிரண்டாவதற்கு நேரே தாவுதல் ஆகாது; பதினொன்றாம் படியில் கால் வைத்தே ஏறுதல் வேண்டும். ஒவ்வொரு வெளியீட்டோடும் வரும் குறிப்பேட்டைப் படிக்காது தொடங்குவது, வழி கேளாது பயணம் புறப்படுவது போன்றதாம்.

புதிய வெளியீடு எல்லார்க்கும் நன்மையே செய்யும் என்று கூறவும் இயலாது. 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு 9-ஆம் நாள் ‘ட்ரிக்ஸி’ என்னும் பதின்மூன்றாம் வெளியீடு வந்தது. பழைய 32 பிட் கணினிகளில் நிறுவுவதற்கான மென்பொருளும் அவற்றுக்கான கருனியும் அதில் விடப்பட்டன. பழங்கணினியை எறியாது காத்து வந்த ஏழை மாணவருக்கு இஃது இழப்பே. ஒரு வாயில் திறக்கும்போது மற்றொன்று அடைபடுவதும் உண்டு. டெபியன் அதனை மறைக்கவில்லை. வெளியீட்டுக் குறிப்பேட்டிலேயே எடுத்துரைத்து, அக்கணினிகளை உடையோர் பதின்மூன்றாவதற்கு மாற வேண்டா என்றும் அறிவுறுத்தியது.

இயன் மர்டாக் 2015-ஆம் ஆண்டு டிசம்பரில், நாற்பத்திரண்டாம் வயதில் மறைந்தார். 2017-ஆம் ஆண்டில் வந்த ஒன்பதாம் வெளியீட்டை உறுப்பினர்கள் அவர் நினைவுக்குக் காணிக்கையாக்கினர். 2022-ஆம் ஆண்டு வாக்கெடுப்பை அவர் கண்டிலர். ஆனால், தொடங்கியவர் மறைந்த பின்னரும் தன் குறையைத் தானே ஆராய்ந்து திருத்திக்கொள்ளும் ஆற்றல் அவ்வமைப்பில் நிலைத்திருந்தது. புதிய வெளியீடு வந்த அதே 2023-ஆம் ஆண்டு செப்டம்பரில், உறுப்பினர்களின் உலக மாநாடு கேரளத்துக் கொச்சியில் கூடியது.

விட்டுச் சென்றவர்கள் நன்றி மறந்தவர்கள் அல்லர். அவர்கள் கூறிச் சென்ற குறையே வாயிலை அகலச் செய்தது. வீட்டிலேயே இருந்தவர்களும் பிடிவாதக்காரர்கள் அல்லர். அவர்கள் காத்த கொள்கையே திரும்பி வருவதற்கு ஒரு வீட்டை நிலைநிறுத்தியது. ஆகவே, மீண்டும் வருவோர் வசதியை நுகர்வதோடு அமைதல் கூடாது. கண்ட பிழையை அறிவித்தல், பிற மொழியில் உள்ளதைத் தம் மொழியில் பெயர்த்துத் தருதல், புதியவர்க்குக் கற்பித்தல் ஆகிய பணிகளுள் இயன்றது ஒன்றை மேற்கொள்ளுதல் வேண்டும். பலர் கூடிக் கட்டிய வீட்டில் விருந்தினராக மட்டும் வந்து போவதினும், ஒரு செங்கல்லேனும் எடுத்து வைத்து, வீட்டாருள் ஒருவராக வாழ்வதே சிறப்பு.