அலையிலிருந்து எண்ணுக்கு

நுழையும்முன்

வீட்டுக் கூடத்தில் வீற்றிருக்கும் தொலைக்காட்சி, ஒரு தலைமுறைக் காலத்திற்குள் முற்றிலும் மாறிவிட்டது. தடித்த பெட்டி மெல்லிய பலகையானதை அனைவரும் கண்ணால் கண்டோம். அதனுள் வந்துசேரும் காட்சியின் இயல்பே மாறியதை நம்முள் பலர் உணரவில்லை. அம்மாற்றம் எத்தகையது, அதனால் நம் வீடுகள் பெற்றவை எவை, இழந்தவை எவை என்பனவற்றை இப்பாடம் ஆராய்கிறது.

கூரைமேல் ஓர் உரையாடல்

1975ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கியது. அதன் அலைகள் எட்டாத தென்மாவட்டங்களில் பலர் தம் வீட்டு ஆன்டெனாவை இலங்கையை நோக்கித் திருப்பி வைத்தனர். 1982இல் தொடங்கப்பெற்ற ரூபவாகினியின் அலைகள், அந்நாட்டின் மிக உயரமான பிதுருதலாகல மலையிலிருந்து கடல்கடந்து வந்தன. காற்று வலுத்தால் ஆன்டெனா திசைமாறும். ஒருவர் மாடியேறி அதைச் சிறிது சிறிதாகத் திருப்புவார். மற்றொருவர் சன்னலருகே நின்று, "இன்னும் கொஞ்சம்... தெரியுது... ஐயோ, போயிடுச்சு!" என்று குரல் கொடுப்பார். இப்பாடத்தை எழுதுபவரும் அவ்வாறு மாடியில் நின்றவர்தாம்.

அந்த உரையாடலுக்குள் ஓர் அறிவியல் உண்மை அடங்கியுள்ளது. அக்காலத் தொலைக்காட்சி, அனலாக் எனப்படும் ஒப்புமை முறையில் இயங்கியது. காட்சியின் ஒளி கூடினால் அதற்கேற்ப மின்னலையும் மாறும். ஒளி குறைந்தால் அலையும் அதற்கேற்ப மாறும். அலை, காட்சியைப் போலவே நடித்துக்காட்டியது என்று கூறலாம். ஒவ்வொரு படமும் 625 கோடுகளாக அனுப்பப்பட்டது; அவற்றுள் 576 கோடுகளே காட்சியைத் தாங்கின. வழியில் வேறு மின்னலைகள் கலந்தால், எது காட்சி, எது கலப்பு என்று பிரித்தறியும் ஆற்றல் பெட்டிக்கு இல்லை. கலப்பனைத்தும் திரையில் வெண்புள்ளிகளாய்க் கொட்டின. உயர்ந்த கட்டடத்தில் பட்டுத் தெறித்த அலை சற்றுத் தாமதமாக வந்துசேர்ந்தால், ஒவ்வோர் உருவத்தின் அருகிலும் அதன் நிழல் தோன்றியது.

கோலமும் புள்ளியும்

டிஜிட்டல் என்னும் எண்ணியல் முறை இச்சிக்கலை எவ்வாறு தீர்த்தது என்பதை நம் வாசற்கோலத்தைக் கொண்டே விளக்கலாம். பக்கத்துத் தெருவில் கண்ட கோலத்தை ஒருத்தி நினைவிற்கொண்டு வரைகிறாள். அவளுடையதைப் பார்த்து இன்னொருத்தி வரைகிறாள். பத்தாம் வீட்டை அடைவதற்குள் கோடுகள் நெளிந்து, வடிவம் மாறிவிடும். இதுவே ஒப்புமை முறையின் நிலை. ஆனால், "பதினைந்து புள்ளி, ஊடுபுள்ளி, எட்டில் நிறுத்து" என்று தொலைபேசியில் ஒருத்தி கூறினால், எவ்வூரில் இருப்பவரும் அதே அடுக்கைப் பிழையின்றி வைப்பர். குரல் கரகரத்தாலும் எண் விளங்கினால் போதும்.

எண்ணியல் ஒளிபரப்பில் ஒவ்வொரு படமும் புள்ளிகளாகப் பகுக்கப்படுகிறது. ஒவ்வொரு புள்ளியின் ஒளியும் நிறமும் எண்களாகி, 0, 1 என்னும் இரு குறிகளில் பயணம் செய்கின்றன. வழியில் சில குறிகள் சிதைந்தாலும், உடன் அனுப்பப்படும் சரிபார்ப்புக் குறிகளைக் கொண்டு கருவி அவற்றைத் திருத்திக்கொள்ளும்.

வழக்கமான தெளிவுடைய படத்தில் 720 × 576, அதாவது 4,14,720 புள்ளிகள் உள்ளன. எச்.டி. எனப்படும் முழு உயர்தெளிவுப் படத்திலோ 1920 × 1080, அதாவது 20,73,600 புள்ளிகள். கணக்கிட்டுப் பாருங்கள், சரியாக ஐந்து மடங்கு. ஒரு புள்ளிக்கு 24 குறிகள், நொடிக்கு 25 படங்கள் எனக் கொண்டால், நொடிக்கு 124 கோடிக்கும் மேற்பட்ட குறிகளை அனுப்ப வேண்டும். இதை எந்தக் கேபிளும் அப்படியே சுமப்பதில்லை. எனவே சுருக்குகின்றனர். செய்தி வாசிப்பவரின் பின்னணிச் சுவர் அசைவதில்லை. அவருடைய இதழ்களும் விழிகளுமே அசைகின்றன. சுவரை ஒருமுறை அனுப்பிவிட்டு, மாறுவனவற்றை மட்டும் தொடர்ந்து அனுப்பினால், நூற்றில் ஒரு பங்கிற்கும் குறைவான குறிகளே போதும். இச்சுருக்கலுக்கும் விரித்தலுக்கும் சில நொடிகள் செலவாகின்றன. அதனால்தான் கிரிக்கெட் ஆட்டத்தில், நம் திரையில் பந்து வீசப்படும் முன்பே அடுத்த வீட்டில் ஆரவாரம் எழுவதுண்டு!

சட்டமும் பெட்டியும்

கேபிள் வடத்தில் ஓர் ஒப்புமை அலைவரிசை அடைத்த இடத்தில், வழக்கமான தெளிவுடைய எண்ணியல் அலைவரிசைகள் பத்தளவில் அடங்கும். மாற்றத்தை விரைவுபடுத்தியதற்கு இது ஒரு காரணம். மற்றொரு காரணம் கணக்கு. பழைய வடத்தில் எத்தனை வீடுகள் இணைந்துள்ளன என்பதைத் துல்லியமாக அறிய வழியில்லை. எண்ணியல் முறையில் ஒவ்வொரு செட் டாப் பாக்சும் தனக்கென ஓர் அடையாள எண்ணைப் பெற்றிருக்கும்.

கட்டண அலைவரிசைகளைப் பெட்டியின் வழியே மட்டும் வழங்கும் முறை 2003ஆம் ஆண்டு செப்டம்பரிலேயே சென்னையில் நடைமுறைக்கு வந்தது. பின்னர், 2011ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சிச் சட்டத் திருத்தம் நாடு முழுவதற்கும் எண்ணியல் முறையைக் கட்டாயமாக்கியது. 2012இல் பெருநகரங்கள், 2013இல் கோவை உள்ளிட்ட நகரங்கள், 2017 மார்ச்சுக்குள் சிற்றூர்கள் எனக் காலக்கெடு விதிக்கப்பட்டது. சென்னையில் வழக்குகளால் இதற்குத் தாமதம் நேர்ந்தது. தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம் 2017ஆம் ஆண்டு முதல் செட் டாப் பாக்சுகளை விலையின்றி வழங்கியது.

இவ்விலையில்லாப் பெட்டி சிறிய உதவியன்று. 2006ஆம் ஆண்டில் தொடங்கிய திட்டத்தின்கீழ் அரசு வழங்கிய 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிகள் பல இல்லங்களில் அப்போதும் நல்ல நிலையில் இருந்தன. அவற்றுக்கு எண்களின் மொழி தெரியாது. செட் டாப் பாக்ஸ் எண்களைப் பழைய அலைகளாக மாற்றி அவற்றுக்கு ஊட்டியது. ஒரு மொழிபெயர்ப்பாளரை அருகில் அமர்த்தியதால், பழைய தொலைக்காட்சி மேலும் சில ஆண்டுகள் வாழ்ந்தது.

ஆயினும், கணக்கிடத்தக்க வீடு கட்டணத்தை நிறுத்தினால் உடனே நிறுத்தப்படத்தக்க வீடும் ஆயிற்று. கேபிள்காரரிடம், "அண்ணே, அடுத்த வாரம் தர்றேன்" என்று கூறிய காலம் முடிவுற்றது. அண்ணனே மனமிரங்கினாலும் கணினி இரங்குவதில்லை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த விதிகள், வேண்டிய அலைவரிசைகளை மட்டும் தேர்ந்து கட்டணம் செலுத்தும் உரிமையை அளித்தன. 100 அலைவரிசைகளுக்கு வரி நீங்கலாக 130 ரூபாய் அடிப்படைக் கட்டணம் என்பது அன்றைய உச்சவரம்பு. அக்கணக்கில் ஓர் உயர்தெளிவு அலைவரிசை, இரண்டு அலைவரிசைகளுக்கு நிகர்.

பெரிய திரை, மங்கிய படம்

பெரிய திரை வாங்கிய பின்னரும் படம் தெளிவாக இல்லை என்று வருந்துவோர் பலர். குறை பெரும்பாலும் திரையில் இல்லை. அலைவரிசை, செட் டாப் பாக்ஸ், இணைப்புக் கம்பி, திரை ஆகிய நான்கும் உயர்தெளிவுடையனவாக இருத்தல் வேண்டும். மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனைகளையுடைய பழைய கம்பியால் இணைத்தால், மஞ்சள் முனை பழைய அளவிலான படத்தையே கடத்தும். எச்.டி.எம்.ஐ. கம்பியே முழுத் தெளிவையும் கொண்டுசேர்க்கும். நான்கிற்கு மூன்று என்னும் அளவில் எடுத்த பழைய திரைப்படத்தைப் பதினாறுக்கு ஒன்பது திரை முழுதும் இழுத்து நிரப்பினால், மெலிந்த நாயகரும் பருத்துத் தோன்றுவார். இதைப் பொருட்படுத்தாமல் ஆண்டுக்கணக்கில் பார்த்துவரும் வீடுகளும் உண்டு.

இவற்றினும் பெரிய இடர்ப்பாடு முதியோருடையது. பழைய பெட்டிக்கு ஒரே ஒரு குமிழ் போதுமானதாக இருந்தது. இப்போது தொலைக்காட்சிக்கு ஒரு ரிமோட், செட் டாப் பாக்சுக்கு ஒரு ரிமோட். விரல் தவறி ஒரு பொத்தானை அழுத்தினால் நீலத்திரையில் 'நோ சிக்னல்' என்னும் சொற்கள் மட்டும் நிற்கும். கல்லூரி விடுதியிலிருந்து பேரன் வரும்வரை அத்திரையின்முன் அமர்ந்திருக்கும் பாட்டியைத் தொழில்நுட்ப வளர்ச்சியின் கணக்கில் எங்கே எழுதுவது?

மழை நாளில்

ஒப்புமை அலை வலுவிழந்தால் படம் மெல்ல மெல்ல மங்கும். எண்ணியல் அலை அவ்வாறன்று. பிழைகள் திருத்தக்கூடிய எல்லைக்குள் இருக்கும்வரை படம் குறையற்றது. எல்லையைக் கடந்ததும் கட்டம் கட்டமாய் உடைந்து உறைந்துபோகும். கூரைத் தட்டின் வழியே பெறப்படும் செயற்கைக்கோள் அலைகளின் நீளம் ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர். அத்தகைய குறுகிய அலைகளை அடர்மழையின் துளிகள் உறிஞ்சியும் சிதறடித்தும் விடுகின்றன. புயல் கரையைக் கடக்கும் இரவில், வெண்புள்ளிகளுக்கு நடுவே செய்தி வாசிப்பவரின் குரலையேனும் பழைய பெட்டி தந்துகொண்டிருந்தது. புதிய திரை, செய்தி மிகவும் தேவைப்படும் அந்நேரத்தில் வாய்மூடி நிற்பதுண்டு. கடலோர ஊர்களில் மின்கலத்தால் இயங்கும் வானொலிப் பெட்டியை இன்றும் சிலர் போற்றி வைத்திருப்பது பழமைப் பற்றினால் மட்டும் அன்று.

வீட்டைவிட்டு வெளியேறிய பழைய பெட்டிகளின் படக்குழாய்க் கண்ணாடியில் ஈயம் கலந்துள்ளது. செம்புக் கம்பிச் சுருளுக்காகக் குழாயை உடைத்து, கண்ணாடியைக் குப்பைமேட்டில் எறியும்போது அந்த ஈயம் மண்ணையும் நீரையும் சேர்கிறது. அப்பெட்டிகளை உரிமம் பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடமே ஒப்படைத்தல் வேண்டும்.

கற்பவை கற்றபின்

உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ ஆன்டெனாக் காலத்தை அறிந்த ஒருவரிடம் உரையாடி, அவர் கூறும் செய்திகளை ஒரு பக்க அளவில் எழுதுக.

வீட்டு முதியவர் தாமே இயக்கும் வகையில், இரு ரிமோட்டுகளையும் பயன்படுத்தும் முறையைப் பெரிய எழுத்தில், எளிய தமிழில் எழுதி அவரிடம் கொடுத்துப் படிக்கச் செய்க. அவருக்கு விளங்காத தொடர்களை மாற்றி எழுதுக.